தப்பாக ஓடும் கடிகாரத்தை வைத்துச் சரியான மணி சொல்ல: பிள்ளைகளுக்குப் படிப்படியாக

பாம்பனில் எங்கள் அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் சுவர்க்கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முந்தியே காட்டும். பழுதெல்லாம் இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறாள். பிள்ளை பள்ளிக்கூட பஸ்ஸை விட்டுவிடக் கூடாதாம். ஆனால் இந்த ரகசியம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கடிகாரத்தைப் பார்த்த கையோடு மனசுக்குள் பத்தைக் கழித்துவிட்டு, "இன்னும் நேரம் கெடக்கு" என்று இன்னொரு இட்லி கேட்பார்கள். பஸ் பின்னால் ஓடுவது மட்டும் நின்றபாடில்லை.

அக்கா மகளுக்கு நான் கடிகாரக் கணக்கு சொல்லிக்கொடுத்தது அந்தக் கடிகாரத்தில்தான். அவள் நான்காம் வகுப்பில் இருந்தபோது தொடங்கினோம். கடைசிப் பகுதி ஏழாம் வகுப்பில்தான் முடிந்தது. அதனால் கீழே இருப்பதை ஒரே லீவில் ஊட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முதல் மூன்று படிகள் எட்டு, ஒன்பது வயதுக்குப் பொருந்தும். வேகம் தப்பிய கடிகாரத்தின் கணக்குக்கு விகிதம் தெரிந்திருக்க வேண்டும், அதாவது ஆறாம் வகுப்பாவது ஆக வேண்டும்.

கையில் வேண்டியவை அதிகமில்லை. பிரித்துப் பார்க்க ஒரு பழைய சுவர்க்கடிகாரம், ஒரு பென்சில் செல், ஒரு நோட்டு, சரிபார்க்க ஒரு போன். கடைசிப் படிக்கு மட்டும் ஒரு நேரான குச்சியும் கொஞ்சம் கயிறும்.

முதலில் பெரிய முள்ளைக் கழற்றுங்கள்

பழைய கடிகாரத்தின் கண்ணாடியைக் கழற்றி, செகண்ட் முள்ளை நகத்தால் மெல்ல நிமிண்டினால் வந்துவிடும். பெரிய முள் சிலவற்றில் சும்மா செருகியிருக்கும், சிலவற்றில் சின்ன நட்டு போட்டிருக்கும். அதையும் எடுத்துவிட்டுச் சின்ன முள்ளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செல்லைப் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, "இப்போ என்ன மணி?" என்று கேளுங்கள்.

"நாலு" என்றுதான் முதலில் வரும். "நாலா, நாலுக்கு மேலயா?" என்று கேட்டால் பிள்ளை கிட்டே போய்ப் பார்க்கும். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் ஐந்து சின்ன இடைவெளிகள் உண்டு. பெரிய முள்ளுக்கு ஒரு இடைவெளி ஒரு நிமிடம். சின்ன முள்ளோ அந்த ஐந்தையும் தாண்ட ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது, ஆகவே அதற்கு ஒரு இடைவெளி 12 நிமிடம். முள் நான்கைத் தாண்டி இரண்டு கோடு போயிருந்தால் 4:24. இரண்டாம் கோட்டுக்கும் மூன்றாம் கோட்டுக்கும் நடுவில் நின்றால் 4:30. போனை எடுத்துச் சரிபார்த்தால் இரண்டு மூன்று நிமிடம் இப்படி அப்படி இருக்கும், அவ்வளவுதான். ஒற்றை முள்ளை வைத்து மணி சொல்ல முடிகிறது என்பதே பிள்ளைக்குப் பெரிய வித்தையாகத் தெரியும்.

எங்கள் பாட்டி இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு கோடுன்னா ஒரு நாழிகைல" என்றார். சரியாகச் சொன்னார். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு மணிக்கு இரண்டரை நாழிகை. பாட்டி இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்தவரில்லை.

இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். பின்னால் இது ஒரு காவல்காரன் மாதிரி வேலை செய்யும். பெரிய முள் 6-இல் நிற்கிறது, சின்ன முள் 4-இன் தலை மேலேயே நிற்கிறது என்றால், அப்படி ஒரு நேரமே கிடையாது. யாரோ கழற்றி மாட்டும்போது முள்ளைத் தப்பாகச் செருகிவிட்டார்கள். கடிகாரம் என்ன சொல்கிறது என்று படிப்பதற்கு முன்னால், அது சொல்வது நடக்கக்கூடியதா என்று பார்க்கும் பழக்கம் இங்கேதான் வருகிறது.

கூட்டவா, கழிக்கவா

இது எளிது என்று பெரியவர்கள் நினைப்போம். பிள்ளைகள் அதிகமாகத் தடுக்கி விழும் இடமே இதுதான். "கடிகாரம் பத்து நிமிடம் பிந்துகிறது" என்று சொன்ன உடனே பத்தைக் கழிப்பார்கள். பிந்துவது என்றால் குறைவது, குறைவது என்றால் கழித்தல் என்று காது சொல்லிவிடுகிறது.

"முந்தினால் கழி, பிந்தினால் கூட்டு" என்று மனப்பாடம் பண்ண வைக்காதீர்கள். ஒரு வாரத்தில் தலைகீழாகிவிடும். ஒரே ஒரு கேள்வியைப் பழக்குங்கள்: "சரியான நேரம் இப்போ இந்தக் கடிகாரத்துக்கு முன்னால நிக்குதா, பின்னால நிக்குதா?" நாங்கள் கடற்கரையில் ஈர மணலில் நீளமாக ஒரு கோடு இழுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிப்பி வைத்தோம். சுவர்க்கடிகாரத்துக்கு ஒரு சோழி, போனுக்கு ஒரு சோழி. முந்தும் கடிகாரத்தின் சோழி முன்னே போய் நிற்கிறது, உண்மையான நேரம் அதற்குப் பின்னால் இரண்டு சிப்பி தள்ளி இருக்கிறது. கூட்டலா கழித்தலா என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மணியைத் தாண்டும் கணக்கு அடுத்த வம்பு. கடிகாரம் 10:05 காட்டுகிறது, பத்து நிமிடம் முந்தி. அக்கா மகள் நோட்டில் எழுதிய விடை 9:95. நூறிலிருந்து கடன் வாங்கிப் பழகிய கை வேறென்ன செய்யும்? அதற்கும் சிப்பிதான் மருந்து. முதலில் ஐந்து பின்னே போய் 10:00-இல் நில். இன்னும் ஐந்து பின்னே போ. 9:55. இரண்டு தாவலாகப் போட்டால் கடன் வாங்கும் வேலையே இல்லை.

எப்போதும் ஒரே அளவு தள்ளியிருக்கும் கடிகாரங்களுக்கு எங்கள் கரையில் உதாரணம் தேட வேண்டியதில்லை. மச்சான் படகில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவியை ஒருமுறை யாரோ அமுக்கி, நேரம் கிரீன்விச்சுக்கு மாறிவிட்டது. மாலை 4:10-க்குக் கரைக்கு வந்தவர்களிடம் அது காலை 10:40 என்றது. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். கருவி ஒரு நொடிகூடத் தப்பவில்லை, வேறு ஊரின் மணியைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அதைவிட நல்ல கதை இலங்கை நேரம். 1996-இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தது. முதலில் சில மாதம் நம்மைவிட ஒரு மணி நேரம் முந்தி, பிறகு 2006 ஏப்ரல் வரை அரை மணி முந்தி. அந்த வருஷங்களில் இந்தக் கரையில் இலங்கை வானொலி கேட்டவர்கள், அறிவிப்பாளர் ஏழு மணி என்றால் நமக்கு ஆறரை என்று போட்டுக்கொள்ள வேண்டும். இப்போது தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் சில சமயம் அக்கரை டவரைப் பிடித்துவிடும். இன்றைக்கு இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் மணி மாறாது. பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: "2000-ஆம் வருஷத்துல அங்க ராத்திரி 12:10-னா இங்க என்ன மணி, என்ன தேதி?" தேதியும் பின்னால் போகும் என்று கண்டுபிடிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஏழு ராத்திரி நோட்டு

கணக்குப் புத்தகம் "கடிகாரம் இவ்வளவு தப்பு" என்று சொல்லிவிட்டே கேள்வி கேட்கும். வீட்டுக் கடிகாரம் சொல்லாது. பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன், போனில் சரியாக 8:00 ஆகும்போது சுவர்க்கடிகாரம் என்ன காட்டுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். இடையில் யாரும் முள்ளைத் தொடக் கூடாது.

ஏழு நாள் கழித்து நோட்டைப் பாருங்கள். 10, 10, 10, 10 என்று வந்தால் கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறது, தொடங்கிய இடம் மட்டும் தப்பு. 1, 3, 5, 7 என்று ஏறினால் வேகமே தப்பு, நாளுக்கு இரண்டு நிமிடம். 1, 2, 9, 40 என்று தாறுமாறாக வந்தால் கணக்குப் போட அதில் ஒன்றுமில்லை, செல்லை மாற்றுங்கள்.

செல் தீரும் கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வைப்பது நல்லது. செகண்ட் முள் 12-இலிருந்து 6 வரை சறுக்கி இறங்கிவிடும். 6-ஐத் தாண்டி மேலே ஏறும்போது திணறத் தொடங்கி, 9 பக்கம் வந்ததும் அதே இடத்தில் துடித்துக்கொண்டே நிற்கும். முள் படுக்கைவாட்டில் நிற்கும் அந்த இடத்தில்தான் அதைத் தூக்க அதிக பலம் வேண்டும். பின்பக்கம் திறந்தால் உப்புக்காற்று பட்டுச் செல்லின் முனையில் பச்சைப் பூ பூத்திருக்கும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாலே பாதிக் கடிகாரங்கள் பிழைத்துக்கொள்ளும்.

பெண்டுலம் ஆடும் பழைய சாவிக் கடிகாரம் வீட்டில் இருந்தால் இன்னும் யோகம். வெயில் காலத்தில் உலோகத் தண்டு கொஞ்சம் நீளும், ஆட்டம் மெதுவாகும், கடிகாரம் பிந்தும். கால் மீட்டர் நீளத் தண்டில் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் நாளுக்கு மூன்று நிமிடம் பிந்திவிடும். வெயிலில் மட்டும் அவ்வளவு நீளாது, ஆனால் கீழே இருக்கும் திருகை லேசாகத் திருகினாலே அந்த ஒரு மில்லிமீட்டர் வந்துவிடும். பிள்ளையையே திருகவிட்டு மறுநாள் நோட்டில் வித்தியாசம் எழுதச் சொல்லுங்கள்.

வேகமே தப்பாக இருந்தால்

இங்கே நிதானமாகப் போக வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெரிய பிள்ளைகள்கூட இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்வார்கள்.

கணக்கு இது: ஒரு கடிகாரம் மணிக்கு ஐந்து நிமிடம் பிந்துகிறது. காலை 6:00-க்குச் சரியாக வைத்தோம். இப்போது அது மாலை 5:00 காட்டுகிறது. சரியான நேரம் என்ன?

அக்கா மகள் உடனே சொன்னாள், "5:55, சித்தி."

"எப்படி?"

"ஆறிலிருந்து அஞ்சு வரைக்கும் பதினோரு மணி நேரம். பதினோரு அஞ்சு அம்பத்தஞ்சு. கூட்டிட்டேன்."

"பதினோரு மணி நேரம் ஆச்சுன்னு யாரு சொன்னது?"

"கடிகாரம்."

"அந்தக் கடிகாரத்தையா நம்புற?"

பேச்சு நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தாள். இந்த மௌனத்தை நாம் நிரப்பக் கூடாது. விடையை வாயில் திணித்தால் போச்சு.

அப்புறம் நோட்டில் இரண்டு பத்தி போட்டோம். இடது பக்கம் சரியான நேரம், வலது பக்கம் நம் சோம்பேறிக் கடிகாரம். 6:00-க்கு 6:00. 7:00-க்கு 6:55. 8:00-க்கு 7:50. 9:00-க்கு 8:45. நான் வாயைத் திறக்கவில்லை, அவளே கீழே இறங்கிக்கொண்டு போனாள். மதியம் 12:00-க்கு 11:30. மாலை 6:00-க்கு வலது பக்கம் 5:00 வந்து நின்றது. விடை 6:00, 5:55 இல்லை. "மணிக்கு ஐந்து நிமிடம்" என்பது சரியான மணிக்கு. பிந்தும் கடிகாரம் காட்டும் ஒரு மணி உண்மையில் ஒரு மணியைவிட நீளம். அவள் எண்ணியது பதினோரு நீளமான மணிகள்.

இந்தப் பட்டியலை இரண்டு மூன்று தடவை கையால் எழுதிய பிறகுதான் சுருக்கு வழிக்குப் போக வேண்டும். உண்மையில் 60 நிமிடம் போனால் இது 55 காட்டும். ஆக, அது காட்டும் நிமிடங்களை 55-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கு. 660 நிமிடம் காட்டியது. 55-ஆல் வகுத்தால் 12, அறுபதால் பெருக்கினால் 720. பன்னிரண்டு மணி நேரம்.

முந்தும் கடிகாரத்துக்கும் இதே வழிதான். மணிக்கு நான்கு நிமிடம் முந்துகிறது, காலை 6:00-க்கு வைத்தோம், 12:24 காட்டுகிறது. 384 நிமிடம் ஓடியிருக்கிறது. 60-க்கு 64 ஓடும். 384-ஐ 64-ஆல் வகுத்தால் 6. சரியான நேரம் மதியம் 12:00.

ஒரு உண்மையையும் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். மணிக்கு ஐந்து நிமிடம் தப்பும் கடிகாரத்தை எந்த வீட்டிலும் யாரும் வைத்திருக்க மாட்டார்கள், குப்பைக்குப் போயிருக்கும். நிஜக் கடிகாரம் நாளுக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் தப்பும். அங்கே இந்த நீள மணி, குட்டை மணி விவகாரம் சில நொடிகளில் அடங்கிவிடும். நாளுக்கு இரண்டு நிமிடம் முந்தும் கடிகாரத்தை ஞாயிறு இரவு எட்டுக்குச் சரியாக வைத்தோம், வெள்ளி இரவு 8:10 காட்டுகிறது என்றால் ஐந்து நாளுக்குப் பத்து நிமிடம், சரியான நேரம் 8:00. இதற்குப் போய் விகிதம் போட்டால் கொசுவைப் பிடிக்க மடிவலை வீசின கதைதான்.

கூடுதலாக ஒன்று கேட்கலாம்: அந்தக் கடிகாரத்தைத் தொடாமலே விட்டால் மறுபடி எப்போது தானாகச் சரியான மணி காட்டும்? பன்னிரண்டு மணி நேரம், அதாவது 720 நிமிடம் முந்த வேண்டும். நாளுக்கு இரண்டு என்றால் 360 நாள். கிட்டத்தட்ட ஒரு வருஷம்.

நின்றுபோன கடிகாரம்

கரண்ட் போய் வந்தால் 12:00-இலிருந்து ஓடத் தொடங்கும் டிஜிட்டல் கடிகாரம் ஒன்று பக்கத்து வீட்டில் உண்டு. அது 1:35 காட்டுகிறது, போனில் மாலை 7:20. கரண்ட் எப்போது வந்தது? 5:45. எப்போது போனது என்று அந்தக் கடிகாரத்தால் சொல்ல முடியாது. அதையும் பிள்ளையே சொல்லட்டும்.

அடுத்தது பழைய புதிர், ஆனால் நடந்தே தீர்க்கலாம். வீட்டில் ஒரே கடிகாரம், அதுவும் நின்றுவிட்டது. போன் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுச் செல்லைப் போட்டு, முள் நின்ற இடத்திலிருந்தே, 4:10-இலிருந்து, ஓடவிட்டுச் சிநேகிதி வீட்டுக்கு நட. அங்கே சரியான கடிகாரம் இருக்கிறது. போய்ச் சேர்ந்தபோது 4:45, கிளம்பும்போது 5:25. வீட்டுக்குத் திரும்பினால் நம் கடிகாரம் 5:20 காட்டுகிறது. இப்போது சரியான மணி என்ன?

வெளியே இருந்தது மொத்தம் 70 நிமிடம். இதை நம் கடிகாரம் சரியாகச் சொல்லும், ஏனென்றால் அதன் ஓட்டத்தில் தப்பில்லை, நிற்கும் இடத்தில்தான் தப்பு. அதில் 40 நிமிடம் சிநேகிதி வீட்டில் போனது. மீதி 30 நடை, போக 15, வர 15. ஆகவே சரியான மணி 5:40. சைக்கிளில் போகாதீர்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது எதிர்காற்றில் ஒரு பக்கம் மிதிக்க ஆகும் நேரம் மறுபக்கத்துக்கு ஆவதைப்போல் இரண்டு மடங்காகிவிடும், பாதிப் பாதி என்ற கணக்கே கவிழ்ந்துவிடும். நாங்கள் முதல் தடவை அப்படித்தான் கவிழ்ந்தோம்.

போனும் இல்லையென்றால்

"போன் மட்டும் சரின்னு எப்படித் தெரியும்?" என்று பிள்ளை ஒருநாள் கேட்கும். கேட்காவிட்டால் நீங்களே கிளப்பிவிடுங்கள். பாட்டியின் காலத்தில் பாலத்தில் ரயில் போகும் சத்தம்தான் பாம்பனுக்கு மணி. ரயில் லேட் என்றால் ஊரே லேட். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை பாட்டிக்குக் கடிகாரமே இல்லை.

ரயில் இல்லாவிட்டாலும் சூரியன் இருக்கிறது. ஆனால் உச்சிப்பொழுது என்பது 12:00 மணி இல்லை. நம் இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து எழுதியது. பாம்பன் அதற்கு மேற்கே, ஏறக்குறைய 79.2 பாகையில் இருக்கிறது. ஒரு பாகையைக் கடக்கச் சூரியனுக்கு நான்கு நிமிடம். ஆகவே இங்கே உச்சி சராசரியாக 12:13-க்கு. ராமநாதபுரம் நகரில் இன்னும் ஒன்றரை நிமிடம் போல் தள்ளி வரும். இதுவும் வருஷம் முழுக்க நிலையாக இருக்காது. பிப்ரவரி நடுவில் 12:27 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 11:56-க்கே வந்துவிடும். பள்ளிவாசலில் தொங்கும் தொழுகை அட்டவணையில் லுஹர் என்ற நண்பகல் தொழுகை தொடங்கும் நேரத்தை மாதம் மாதமாகப் பார்த்தால் இந்த நகர்வு அப்படியே தெரியும்.

சராசரியோடு சரியாக ஒத்துப்போகும் நாட்களில் ஒன்று டிசம்பர் 25. அரையாண்டு லீவு வேறு. மேகம் இல்லாத நாளாகப் பார்த்து மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, கல் கட்டிய கயிற்றைப் பக்கத்தில் தொங்கவிட்டு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பத்தரை மணிக்கு மேல் நிழலின் நுனியில் ஒரு புள்ளி வைத்து, குச்சியை நடுவாக வைத்துக் கயிற்றால் அந்தப் புள்ளி வழியாக வட்டம் போடுங்கள். சுவர்க்கடிகாரம் காட்டும் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். நிழல் வட்டத்துக்குள்ளே சுருங்கிப் போய், உச்சி தாண்டி மறுபடி வளர்ந்து, அடுத்த பக்கத்தில் வட்டத்தைத் தொடும். அந்த நேரத்தையும் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உச்சி. "எப்போது நிழல் மிகச் சின்னது" என்று நேராகப் பார்ப்பதைவிட இது துல்லியம், ஏனென்றால் உச்சியை ஒட்டி நிழலின் நீளம் மாறுவதே கண்ணுக்குத் தெரியாது.

எங்களுக்கு 10:53 என்றும் 1:53 என்றும் வந்தது. நடுவில் 12:23. வர வேண்டியதோ 12:13. போனைத் தொடாமல், கடிகாரம் பத்து நிமிடம் முந்தி என்று குச்சியும் கயிறும் சொல்லிவிட்டன. நிமிடக் கணக்கில் அப்படியே பொருந்தியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. இரண்டு மூன்று நிமிடம் பிசகினாலும் குறை சொல்லாதீர்கள்.

சித்திரை மாதப் பிறப்பை ஒட்டி இதைச் செய்ய வேண்டாம். அந்த நாட்களில் இங்கே சூரியன் நட்ட தலைக்கு மேல் வந்து, குச்சியின் நிழல் உச்சியில் காணாமலே போய்விடும். அதுவும் 12:13-க்குத்தான், வேடிக்கை பார்க்கலாம். மறுநாள், ஏப்ரல் 15, மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடுவதால் விசைப்படகுக்காரர்கள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள். அப்பாமாரையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா இதையெல்லாம் பார்த்துவிட்டுப் போன மாதம் கடிகாரத்தை மாற்றி வைத்தாள். இப்போது அது 17 நிமிடம் முந்தி ஓடுகிறது. பத்து என்றால் எல்லோருக்கும் கழிக்க வந்துவிடுகிறதாம்.